அ பதிவேட்டில் குறிப்பு இல்லை என்றால் பஞ்சமி நிலம் இல்லை என்று ஆகிவிடுமா?

மேட்டுத்தெரு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மனு கொடுக்கும் நிலையில் இருப்பதால் ஊரின் பெயரையும் புல எண்ணையும் இங்கே எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா காலமான பிறகு பரண் மீதிருந்த தகரப் பெட்டியைத் திறந்தோம். தாத்தாவின் தீர்வை ரசீதுகள் நூலில் கோத்துக் கட்டியபடி அதில் இருந்தன. மிகப் பழைய ரசீதில் பசலி 1348 என்று இருக்கிறது, அதாவது 1938-39ஆம் ஆண்டு. புல எண், 1 ஏக்கர் 62 சென்ட் என்ற விஸ்தீரணம், தாத்தாவின் பெயர், கர்ணத்தின் கையெழுத்து எல்லாம் தெளிவாகப் படிக்க முடிகிறது. அந்த நிலம் எங்கள் தெருவில் பதினோரு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் அரசு கொடுத்த நிலத்தில், ஒரு பங்கு என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு நினைவு தெரிந்த நாளில் அது எங்கள் கையில் இல்லை. கடனுக்கு ஈடாகப் போனதாகச் சொல்வார்கள்.

இப்போது இணையத்தில் பார்த்தால் பட்டா எங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரும் அல்லர். ஊர் நிலங்களைப் புல எண் வரிசையில் எழுதிவைக்கும் அ பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். குறிப்புக் கலம் காலியாக இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டபோது, "யுடிஆரில் (1980களில் புதுப்பித்த பதிவேட்டில்) அப்படி எதுவும் இல்லை, எனவே இது பஞ்சமி நிலம் இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். நிலத்தின் மேற்குப் பகுதி பாறை. அங்கே கல் உடைக்க அனுமதி கேட்டுப் பட்டாதாரர் விண்ணப்பித்திருப்பதாக ஊரில் பேச்சு இருக்கிறது.

குறிப்புக் கலம் காலியாக இருப்பதே முடிவான சான்றாகிவிடுமா? அப்படி இல்லையென்றால் முதல் ஒப்படை, அதாவது அரசு நிலத்தைக் கொடுத்த ஆணை, எந்தக் கணக்கில் இருக்கும், அதை எங்கே போய்க் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் பதினோரு குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

—

பழைய கணக்கு எழுதியது:

தம்பி, நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் சரியானது அல்ல. யுடிஆரில் இல்லை என்றால் யுடிஆரில் இல்லை என்பது மட்டுமே பொருள்.

ஒரு புலத்துக்கு ஒரே ஒரு பதிவேடு இருப்பதாக மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் நில அளவையும் செட்டில்மெண்டும் (நிலத்துக்குத் தீர்வை நிர்ணயிப்பதும்) நடந்தபோது எழுதிய பதிவேடு ஒன்று, அதற்குப் பிறகு ரீசெட்டில்மெண்டில் எழுதியது ஒன்று, ஜமீனாகவோ இனாமாகவோ இருந்த ஊராக இருந்தால் 1948, 1963 ஆண்டுகளின் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பிறகு எழுதிய எஸ்.எல்.ஆர். என்ற செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு ஒன்று, பிறகு நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று காகிதத்திலும் யுடிஆர் என்று எல்லார் வாயிலும் வழங்குகிற பதிவேடு, கடைசியாக அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த கணினிப் பதிவு. நீங்கள் இணையத்தில் பார்ப்பது கடைசி அடுக்கு. அதற்கு முந்தைய ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் யாரோ ஒருவர் கையால் பெயர்த்து எழுதித்தான் அடுத்த அடுக்கு உண்டானது.

யுடிஆர் பணி 1979 ஜூன் 1 அன்று தொடங்கி 1987 ஏப்ரல் 30 வரை நடந்தது. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்த்து, உட்பிரிவு செய்து, அவர் பெயருக்குப் பட்டாவைக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செத்துப்போன பாட்டன்மார் பெயரில் கிடந்த லட்சக்கணக்கான பட்டாக்கள் அப்போதுதான் உயிருள்ளவர்கள் பெயருக்கு வந்தன. ஆனால் விற்கவே கூடாத நிலத்தில் ஒருவர் உழுதுகொண்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பல ஊர்களில் எழாமலே போயிற்று. அனுபவம் இருந்தது, பட்டா ஏறியது, பழைய குறிப்பு புதிய புத்தகத்துக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். யுடிஆர் நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலைமையை மாற்றிய அந்தச் சீர்திருத்தத்தை நான் முழு மனத்தோடு வரவேற்றவன். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. ஆனால் எந்தப் புலம் எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்ற விவரம் பாதி புத்தகத்திலும் பாதி கர்ணத்தின் நினைவிலுமாக இருந்தது. நினைவில் இருந்த பாதியைக் கேட்டு வாங்க ஆளில்லாத ஆண்டுகளில்தான் புதிய புத்தகம் எழுதப்பட்டது.

எனவே யுடிஆருக்கு முந்தைய அ பதிவேட்டையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தேடுங்கள். அச்சிட்ட செட்டில்மெண்ட் பதிவேடுகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கலாம். அங்கே இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். இடுகுறியாக "டி.சி." என்றோ "டி.சி. நிபந்தனை" என்றோ சிவப்பு மையில் எழுதியிருக்கும். டி.சி. என்றால் டிப்ரெஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பார். அந்த இரண்டு எழுத்துக்களைத் தேடித்தான் போகிறீர்கள்.

—

தென்னந்தோப்பு எழுதியது:

நான் மறுபக்கத்தில் நிற்பவன், ஆனாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். 1998இல் வேறு மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினேன். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், எந்த வில்லங்கமும் இல்லை. பட்டா விற்றவர் பெயரில் இருந்தது. வங்கி கடன் கொடுத்தது. கிணறு வெட்டி, கன்று நட்டு, இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, இது நிபந்தனைக்கு உட்பட்ட ஒப்படை நிலம், ஏன் மீட்கக் கூடாது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. ஒரு சாதாரண மனிதன் இதற்கு மேல் என்ன பார்த்திருக்க வேண்டும்? அரசின் புத்தகத்தை நம்பித்தானே வாங்கினேன்?

—

சட்டப்படி எழுதியது:

தென்னந்தோப்பு கேட்டது நேர்மையான கேள்வி. நிலம் வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதற்கான பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். அரசு ஒருவருக்கு நிலத்தை ஒப்படை செய்யும் ஆணை அங்கே பதிவாக வேண்டிய கட்டாயம் இல்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 90ஆம் பிரிவில், அரசு வழங்கும் சன்னதுகள், இனாம் உரிமைப் பத்திரங்கள், நில ஒப்படைகள் ஆகியவற்றுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதோடு நில்லாமல், அவை பதிவு செய்யப்பட்டவையாகவே கருதப்படும் என்றும் சொல்கிறது. எனவே முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டாலும் நூறு ஆண்டுக்குப் போட்டாலும், நிலம் முதன்முதலில் அரசிடமிருந்து எந்த நிபந்தனையோடு வந்தது என்பது அதில் தெரியாது. அது வருவாய்த் துறையின் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். சட்டம் அப்படியிருக்க, வருவாய்த் துறைப் புத்தகத்திலும் அந்தக் குறிப்பு விடுபட்டுப்போனால், வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். இந்தப் பிழையின் சுமை ஒப்படை பெற்றவர் வாரிசின் மீதும் விழுகிறது, அறியாமல் வாங்கியவர் மீதும் விழுகிறது.

அடுத்ததாக, நிபந்தனையைப் பற்றி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கை பலருக்கும் தெரியும். அந்த மாவட்டத்துப் பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமாக இல்லை என்பதையும், தரிசு நிலத்துக்கு அவர்கள் விண்ணப்பித்தால் ஊர் மிராசுதார்கள் முன்னுரிமை கோரித் தடுத்துவிடுகிறார்கள் என்பதையும் அவர் எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010, 1010-அ எண்ணுள்ள வருவாய்த் துறை அரசாணைகளிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்ற வகை தொடங்குகிறது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு கொடுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வருவாய்த் துறையின் நிரந்தர விதித் தொகுப்பான வருவாய் நிலை ஆணைகளில் 15ஆவதில் இந்த ஒப்படைகளுக்கான விதிகள் இருக்கின்றன.

"சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி விற்பனையை முற்றாகத் தடை செய்யும் நிபந்தனை செல்லாதே" என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். 1895ஆம் ஆண்டின் அரசு மானியச் சட்டம் அந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. அரசு வழங்கும் மானியத்துக்கு, அதாவது நிலக் கொடைக்கு, சொத்துரிமை மாற்றுச் சட்டம் பொருந்தாது என்றும், மானியம் அதில் எழுதியுள்ள வாசகப்படியே செயல்படும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆகவே ஒப்படை ஆணையில் உள்ள வாசகமே எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்தத் தாளைக் கண்டுபிடிப்பதில்தான் வழக்கே இருக்கிறது.

கர்நாடகத்தில் இதற்கென 1978இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் அரசாணையையும் நிலை ஆணையையும் ஒப்படை நிபந்தனையையும் பிடித்துக்கொண்டுதான் வாதாட வேண்டியிருக்கிறது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். அத்தனை விலை கொடுத்தும் ஊர்வாரியான பட்டியலை மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

—

ஏரிக்கரை எழுதியது:

ஒப்படை வேறு, குத்தகை வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பழைய தாள் கிடைத்ததும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அரசு நிலக் குத்தகை வருவாய் நிலை ஆணை 24-அவின் கீழ் வரும். காலம் முடிந்தால் நிலம் அரசுக்குத் திரும்பும், வாரிசுக்கு உரிமை கிடையாது. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கத் தரும் 2சி பட்டாவும் நிலத்துக்கான பட்டா அல்ல.

குத்தகைப் பத்திரம் அதை எழுதிக்கொடுத்தவரையும் தாண்டி உயிரோடு இருக்கும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் மலைக்காட்டைப் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிந்து, நிலம் அரசுக்கு வந்த பிறகும், 2028 என்ற முடிவாண்டு அந்தப் பழைய பத்திரத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. மேட்டுத்தெரு நண்பரிடம் இருப்பது தீர்வை ரசீதா, குத்தகைத் தொகை கட்டிய ரசீதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

—

மேட்டுத்தெரு எழுதியது:

ரசீதில் "தீர்வை" என்றுதான் அச்சாகியிருக்கிறது, ஐயா. குத்தகை என்ற சொல் எதிலும் இல்லை.

—

கல்வாசல் எழுதியது:

கல் குவாரி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் கனிமவியல் படித்துவிட்டு இந்தத் துறை சார்ந்த வேலையில் இருக்கிறேன்.

உடைகல், கிராவல் போன்றவை சிறு கனிமங்கள். இவற்றுக்கு 1957ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் மாநிலம் வகுத்த 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் பொருந்தும். அரசு நிலமாக இருந்தால் 8ஆம் விதிப்படி ஏலமோ ஒப்பந்தப்புள்ளியோ விட வேண்டும்; பட்டா நிலமாக இருந்தால் 19ஆம் விதிப்படி நிலத்துக்கு உரிமையுள்ளவர் விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலத்தில் கல் உடைக்கக் கேட்பவர் இரண்டாவது வழியில்தான் போயிருப்பார், அதாவது பட்டாவைக் காட்டி. எனவே பட்டாவின் அடிப்படையிலேயே தகராறு இருக்கிறது என்பதை மாவட்ட ஆட்சியருக்கும், புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும், குத்தகை கொடுக்கும் முன்பே எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்கி வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டாவை நாளைக்கு மாற்றிவிடலாம். உடைத்து லாரியில் ஏற்றிய பாறையைத் திரும்ப வைக்க முடியாது. அறுபது அடிப் பள்ளத்தை ஒரு குடும்பத்திடம் "இந்தா உன் நிலம்" என்று கொடுத்தால் அவர்கள் அதில் என்ன பயிரிடுவார்கள்?

பூமிக்கு அடியில் உள்ளதெல்லாம் அரசுக்கே என்று பொதுவாகச் சொல்வார்கள். அது அவ்வளவு எளிதான விஷயம் இல்லை. 2013 ஜூலையில் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிமண் உரிமையும் கனிம உரிமையும் சட்டப்படி பறிக்கப்படாத வரை நிலத்தின் உரிமையையே பின்தொடரும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு மலபாரின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரையாகத் தனியாருக்கு முழு உரிமையுள்ள நிலங்களை, பற்றியது. மலபார் பழைய சென்னை மாகாணத்தில் இருந்ததால் நீதிமன்றம் நம் பழைய வருவாய் நிலை ஆணைகளையே எடுத்துவைத்துப் படித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசு ஒப்படை செய்த நிலத்தில், ஒப்படை ஆணையே கனிம உரிமையை அரசுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால், உரிமை நிலத்தைப் பின்தொடராது. ஆணையின் வாசகத்தைப் பின்தொடரும். மேலே சட்டப்படி அவர்கள் சொன்னதும் இதுவே. ஆகவே அந்த ஒரு தாள் கிடைத்தால் மேல் மண்ணின் கதையும் அடிக் கல்லின் கதையும் சேர்ந்தே தெரியும்.

—

தென்னந்தோப்பு எழுதியது:

சட்டப்படி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. 90ஆம் பிரிவு பற்றி இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. நிலம் வாங்கும்போது நான் பணம் கொடுத்துக் கருத்துக் கேட்ட வழக்குரைஞரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அரசின் பிழையால் குறிப்பு விடுபட்டது என்றால், நிலத்தை நான் இழக்க வேண்டியிருந்தாலும், நான் நட்ட தென்னைக்கும் வெட்டிய கிணற்றுக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டாமா? உரியவருக்கு நிலம் போகட்டும் என்பதை ஏற்க மனத்தைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அது எளிதாக இல்லை.

—

சட்டப்படி எழுதியது:

உங்களுக்கு விற்றவர் மீது ஈட்டுறுதி, அதாவது நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பு, கோரலாம். கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் தாமே தீர்த்துத் தருவதாக எழுதியிருப்பார்கள், அந்தப் பத்தியை எடுத்துப் பாருங்கள். அரசிடம் இழப்பீடு பெறுவது கடினம். உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. விளக்கம் கேட்ட கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள்; ஒப்படை ஆணையின் நகலை அவர்களிடமே கேளுங்கள். ஆணையைக் காட்டாமல் மீட்க முடியாது என்று வாதாட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

—

மேட்டுத்தெரு எழுதியது:

நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன்.

கல்வாசல் அவர்கள் சொன்னபடி முதலில் ஆட்சேபனை மனுவைக் கொடுத்து ஒப்புகை பெற்றேன். அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, யுடிஆருக்கு முந்தைய அ பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேட்டேன். முப்பது நாளில் வந்த பதில், "இவ்வலுவலகத்தில் இல்லை" என்பது. 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு செய்தேன். அதில் பழைய கணக்கு ஐயா சொல்லிக்கொடுத்தபடி, இல்லை என்றால் எந்த ஆண்டு, எந்த ஆணைப்படி அழிக்கப்பட்டது அல்லது எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டிருந்தேன். அதன் பிறகு, பதிவறையில் நேரில் வந்து பார்வையிடலாம் என்று கடிதம் வந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை போனேன். பதிவறை எழுத்தர் மிகவும் உதவினார். சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகளை இறக்கி, மூன்றாவது மூட்டையில் எங்கள் ஊர்ப் புத்தகத்தை எடுத்தார். தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. விரலால் புரட்டாமல் ஒரு அட்டையை அடியில் கொடுத்துப் புரட்டினார். எங்கள் புல எண் இருந்த பக்கத்தின் ஓரத்தில் கரையான் அரித்த ஓட்டை ஒன்று நான்கு பக்கங்களைத் துளைத்துச் சென்றிருந்தது. குறிப்புக் கலத்துக்கு ஒரு விரல் தள்ளி ஓட்டை விழுந்திருக்கிறது. கலத்தில் சிவப்பு மையில் "டி.சி. நிபந்தனை" என்று இருக்கிறது, அதன் கீழே ஒரு ஆணை எண்ணும் ஆண்டும். அதே குறி அடுத்தடுத்த பத்து உட்பிரிவுகளிலும் இருக்கிறது. பாட்டி சொன்ன பதினோரு குடும்பங்களும் வரிசையாக இருக்கிறார்கள். தாத்தாவின் பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதே இல்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய உட்பிரிவு எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் பொருத்தம் தெரியவில்லை. யுடிஆரில் புலத்தை வேறு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். பாறை இருக்கும் பகுதி எந்தப் பழைய உட்பிரிவில் வருகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

—

பழைய கணக்கு எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத வரவில்லை. பதினோரு பேரின் பெயர்களையும் விஸ்தீரணத்தோடு ஒரு தாளில் எழுதி, அந்தக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள். அந்த மூட்டை அடுத்த மழைக்குத் தாங்குமோ தாங்காதோ.

பொருத்தம் பார்க்கப் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலை நில அளவைப் பிரிவில் கேளுங்கள். அதோடு இரண்டு காலத்துப் புலப்படங்களின் நகலையும் வாங்குங்கள். புலத்தின் வெளி எல்லை பொதுவாக மாறியிருக்காது, உள்கோடுகள்தான் மாறும். புலப்படத்தில் அளவுக்கு அடிப்படையாக வரைந்திருக்கும் ஜி லைனையும் அளவுகளையும் வைத்துச் சர்வேயர் ஒன்றின் மேல் ஒன்றை வரைந்து காட்டிவிடுவார். பாறை நகராது என்பதால் உங்களுக்கு அதுவே நல்ல அடையாளம். பட்டாவைத் திருத்தக் கோரும் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கு மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். ஒப்படை நிபந்தனை மீறலுக்கான மனுவை இதோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். ஆண்டுதோறும் ஊர்க் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியின்போது ஊர்க் கணக்குகள் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். பதினோரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் வீதம் அன்றைக்குப் போய் நில்லுங்கள்.

—

மேட்டுத்தெரு எழுதியது:

பிரதிகளை நேற்று மாலை கொடுத்துவிட்டேன். இரண்டு குடும்பங்கள் ஊரில் இல்லை. ஒன்று சென்னையில், இன்னொன்று ஓசூரில். தொலைபேசியில் படித்துக் காட்டினேன். புலப்பட நகலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். குவாரி விண்ணப்பத்தின் மீது, நிலத்தின் தன்மை குறித்து வருவாய்த் துறையிடம் அறிக்கை கேட்டிருப்பதாகப் பதில் கடிதம் வந்திருக்கிறது. அந்த அறிக்கை போவதற்குள் சான்றிட்ட நகலைச் சேர்க்க வேண்டும் என்பதால் திங்கட்கிழமை மீண்டும் பதிவறைக்குப் போகிறேன்.